சின்னையாவுக்குக் காற்று வரவில்லை

ஜூன் 9, திங்கள்

வேலையில் சேர்ந்த முதல் நாள். நர்ஸ் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டு, ஒரு பொம்மைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்.

கடையில் தொங்குகிற பொம்மை இல்லை. ஆள் உயரம். மார்பு ஏறி இறங்குகிறது, கண் இமைக்கிறது, மணிக்கட்டைப் பிடித்தால் நாடி துடிக்கிறது. பேசவும் பேசும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ஆசீர் சார் மைக்கில் பேசுவார், பொம்மையின் கழுத்துக்குள்ளிருந்து குரல் வரும். கையில் ஒரு பட்டை: சின்னையா, வயது 58.

ஆசீர் சார்தான் எங்களுக்குப் பயிற்சி கொடுக்கப்போகிறவர். ஐசியூவில் நர்ஸாக இருந்தவராம். நாள் முழுக்கச் சிரிக்கவில்லை. சின்னையாவாகப் பேசும்போது மட்டும் ஆளே மாறிவிடுகிறார். “ஏம்மா, நெஞ்சுல கல்லத் தூக்கி வெச்ச மாதிரி இருக்கும்மா” என்று பொம்மை முனகியபோது என்னோடு இன்று சேர்ந்த ஆன்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆறு வாரம் இப்படி. காலையில் சின்னையா. மதியத்துக்கு மேல் வார்டில் ஒரு சீனியர் பின்னாலேயே சுற்ற வேண்டும். கடைசியில் ஒரு தேர்வு. தேறினால் நோயாளிகளை எங்களிடம் தனியாக ஒப்படைத்துவிடுவார்கள்.

தனியாக. புத்தூரிலிருந்து ஸ்ரீரங்கம் வரும்வரை பஸ்ஸில் அந்த ஒரு சொல்தான் மண்டைக்குள் ஓடியது.

வீட்டுக்கு வந்தால், அம்மா அதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். எதிர்வீட்டுக்காரர் கையை நீட்டிக்கொண்டு ரத்த அழுத்தம் பார்க்க வந்துவிட்டார். பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. நம்பாமல் இன்னொரு முறை பார்த்தேன். மூன்றாவது முறை கட்டும்போது அவர் முகம் வெளிறி, “பெருசா ஏதாச்சும் இருக்கா கண்ணு?” என்றார். ஐயோ பாவம். அவருக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான்.

ஜூன் 11, புதன்

சின்னையாவுக்கு இன்று வெறும் காய்ச்சல்தான். பிழைத்தார். நானும்.

ஜூன் 13, வெள்ளி

சின்னையாவைக் கொன்றுவிட்டேன்.

எழுதினால் சிரிப்பாகத்தான் இருக்கிறது, பொம்மை எங்கே சாகும்.

மூச்சுத் திணறல். இன்று நான்தான் பொறுப்பு நர்ஸ், ஆன்சி எனக்கு உதவி. தலைப்பக்கத்தை உயர்த்தினேன். மாஸ்க் வைத்தேன். “ஆக்சிஜன் ஆன் பண்ணிட்டேன், அஞ்சு லிட்டர்” என்று தெளிவாக, நல்ல சத்தமாகச் சொன்னேன். திரையில் ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே போனது. 91. 88. 84. விரலில் மாட்டிய கிளிப்பைச் சரிசெய்தேன். டாக்டருக்குப் போன் செய்தேன். மாஸ்க்கை அழுத்திப் பிடித்தேன்.

“காத்து வரலம்மா” என்றார் சின்னையா.

“வருதுங்க ஐயா. நல்லா இழுத்து விடுங்க” என்றேன் நான். எத்தனை பொறுமையாக!

அப்புறம் திரையிலிருந்து அந்த நீளமான ஊளைச் சத்தம்.

விளக்கைப் போட்டுவிட்டு ஆசீர் சார் வந்தார். “ஆக்சிஜன தொறந்தது யாரு?”

“நான்தான் சார்.” ரங்கநாதர் மேல் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணியிருப்பேன்.

வீடியோவைப் போட்டுக் காட்டினார். என் வலது கை சுவரை நோக்கிப் போகிறது. சுவரில் இருக்கிற மீட்டரின் திருகுக்குக் கீழே, வெறும் காற்றில், விரல்கள் ஒரு திருப்பு திருப்புகின்றன. கை இறங்குகிறது. வாய் சொல்கிறது: ஆன் பண்ணிட்டேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அப்படிப் படித்தவர்கள்தானே. காலேஜ் செய்முறைத் தேர்வில் தண்ணீர் வராத குழாய் முன் நின்று, கையைக் காற்றில் தேய்த்து, “கை கழுவிட்டேன் மேடம்” என்போம். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மார்க் போடுவார். வரிசை பிசகாமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முதல் வருடம் பாதி ஆன்லைனில் போனது. அப்போது தலையணைக்கு ஊசி போட்டோம், அதையும் வாயால்தான். நான் எப்போதும் முதல் மார்க். என்னை மாதிரி கடகடவென்று சொல்ல வகுப்பில் ஆள் கிடையாது.

நான் பொய் சொல்லவில்லை. திறந்ததாக நம்பித்தான் சொன்னேன். எனக்குப் பயமே அதுதான்.

ஜூன் 14, சனி

அடுப்பை அணைத்துவிட்டு சிலிண்டரை மூடினேனா, மூடியதாக நினைத்துக்கொண்டேனா? போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. மறுபடி போய்ப் பார்த்தேன்.

“எத்தன தடவடி பாப்ப? அது என்ன ஓடியா போயிடும்?” என்றாள் அம்மா.

வாசல் பூட்டு, மோட்டார் ஸ்விட்ச், தண்ணீர்க் குழாய். இப்படியே போனால் ஸ்ரீரங்கத்தில் இருக்கிற எல்லா வீட்டுக் குழாயையும் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன் போல.

ஜூன் 17, செவ்வாய்

ஆன்சியின் பெரியம்மா மகள் டெல்பின் அக்கா வேறொரு மருத்துவமனையில் இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் இருக்கிறார். அங்கே ஓர் இடம் காலியாம். நர்சிங் படித்தவர்களாகத் தேடுகிறார்களாம், நோயின் பெயரெல்லாம் தெரிந்திருக்கும் என்று. ஆன்சி பேச்சுவாக்கில்தான் சொன்னாள். நான் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

நாற்காலி, கம்ப்யூட்டர், ஏசி. தப்பாக எழுதினால் திருத்தி எழுதலாம். ஒருவரும் சாக மாட்டார்கள்.

வீட்டில் சொல்லவில்லை.

ஜூன் 20, வெள்ளி

“இன்னைக்கு யாரும் வாயத் தொறக்கக் கூடாது” என்றார் ஆசீர் சார். எல்லாருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். நான் எனக்கென்று எடுத்துக்கொண்டேன்.

வாயை மூடிக்கொண்டு செய்ய ஆரம்பித்ததும் கைக்கு ஒன்றும் தெரியவில்லை! மாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன என்று முழித்தேன். சொல்லிக்கொண்டே போனால்தான் அடுத்தது வருகிறது, பாட்டை நடுவிலிருந்து பாடச் சொன்னால் வராதது மாதிரி. சின்னையா என்னைப் பார்த்துக் கண் இமைத்தார்.

பிறகு ஒவ்வொன்றாக. திருகைத் திருப்பு. மீட்டருக்குள் இருக்கிற சின்னக் குண்டு மேலே ஏறுகிறதா, பார். மாஸ்க்கை நோயாளி முகத்தில் வைப்பதற்கு முன் உன் கன்னத்தில் வைத்துப் பார். காற்று படுகிறதா? பட்டால் மட்டும் வை.

கன்னத்தில் சில்லென்று பட்டது. இந்த ஒரு வாரத்தில் நான் நம்புகிற ஒரே விஷயம் அதுதான்.

ஜூன் 30, திங்கள்

இப்போது மதியங்களில் டோரதி சிஸ்டரின் வார்டு. டோரதி சிஸ்டர் நல்லவர்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். ஆறாவது படுக்கையில் ராமர் என்று ஒருவர், ஜீயபுரத்தில் வாழை போட்டிருக்கிறார். நிமோனியா. மனைவி வீரம்மாள் கூடவே இருக்கிறார்.

ராமருக்கு மாஸ்க்கை மாற்றும்போது பழக்கதோஷத்தில் என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். வீரம்மாள் உற்றுப் பார்த்துவிட்டு, “என்ன பாப்பா, வாசம் புடிக்கிறியா?” என்றார்.

“காத்து வருதான்னு பாக்குறேங்கம்மா.”

“வராம எங்க போகும், ஆஸ்பத்திரியில?”

எங்க போகுமா? எனக்குத் தெரியும் அம்மா, எங்கே போகும் என்று.

ஜூலை 2, புதன்

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ராமரின் திரையில் 79. பார்த்த மாத்திரத்தில் கத்தினேன், “யாராவது ஓடி வாங்க! ஆறாவது பெட்!” இரண்டு வார்டுக்குக் கேட்டிருக்கும். டோரதி சிஸ்டர் ஓடி வந்தார், டாக்டர் ஹரிஹரசுதன் ஓடி வந்தார், அவசர மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு இருவர் வந்தார்கள். அடுத்த வார்டிலிருந்து பார்வையாளர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

ராமர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விரலில் இருக்க வேண்டிய கிளிப் போர்வையில் கிடந்தது.

“சிஸ்டர், அடுத்த தடவ விரலப் பாத்துட்டுக் கத்துங்க” என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. டோரதி சிஸ்டர்தான், “என்னா தொண்டைடி! உங்கப்பா மார்க்கெட்ல ஏலம் விடுறாரா?” என்றார்.

ஆமாம். அப்பா காந்தி மார்க்கெட்டில் வாழை இலைதான் ஏலம் விடுகிறார். அதைச் சொன்னதும் வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன், அழுதுவிடக் கூடாதே என்று.

ராமர் கையில் பாதி இட்லியோடு கேட்டார், “நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனாம்மா?”

ஜூலை 3, வியாழன்

போகவில்லை. காய்ச்சல் என்று போன் செய்தேன். டெல்பின் அக்காவுக்கும் போன் செய்தேன். இந்த மாதக் கடைசிக்குள் சொன்னால் போதுமாம். “ஆனா உறுதியா சொல்லணும்மா, ஊசலாடக் கூடாது” என்றார். நான் ஊசலாடாத நாள் எது என்று யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அப்பா மார்க்கெட்டிலிருந்து வந்து, காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சட்டையைக் கழற்றி மாட்டப் போய்விட்டார். அவருக்கும் தெரிகிறது.

ஜூலை 4, வெள்ளி

ஆசீர் சாருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தனியாகக் கூப்பிட்டுத் திட்டுவார் என்று போனேன். டீ குடித்துக்கொண்டே, “நல்லா கத்துனியாமே” என்றார்.

“இனிமே கத்த மாட்டேன் சார்.”

“கத்துனதுல தப்பு இல்ல. நீ மெஷினப் பாத்த, ஆளப் பாக்கல. இட்லி திங்கிறவன் சாக மாட்டான்.”

அவ்வளவுதான் சொன்னார். டீயில் சர்க்கரை அதிகம் என்று வேறு யாரையோ திட்டப் போய்விட்டார். ஆறுதலாகச் சொன்னாரா, குத்திக் காட்டினாரா? இன்னும் தெரியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

இதை வரிசையாக எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் மண்டைக்குள் வேறு மாதிரி மாறிவிடும்.

ராமருக்கு இரண்டு நாளாகச் சளி கட்டி மறுபடி திணறல் கூடியிருந்தது. மதியம் ஸ்கேனுக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆன்சியும் இன்று இந்த வார்டில்தான். தள்ளுவண்டியிலிருந்து படுக்கைக்கு மாற்றி, குழாயைச் சுவரில் மாட்டி, மாஸ்க்கை வைத்துவிட்டு, “ஆக்சிஜன் வெச்சாச்சுங்க ஐயா, அஞ்சு லிட்டர்” என்று சொன்னாள். என் காதால் கேட்டேன். அவளை வேறு படுக்கைக்குக் கூப்பிட்டார்கள். “கலை, கொஞ்சம் பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விரலில் கிளிப்பை மாட்டினேன். 87.

கத்தவில்லை. கிளிப்பைத்தான் பார்த்தேன். கழற்றினேன், விரலைத் துடைத்தேன், வேறு விரலில் மாட்டினேன். 85. கிளிப் கெட்டுப்போயிருக்குமோ என்று நினைத்தேன். என் விரலில் மாட்டிப் பார்த்தேன்! என் விரலில்! எனக்கு 99. அங்கே அந்த மனுஷன் கிடக்கிறார், நான் என் விரலைப் பாத்துட்டு நிக்கிறேன். புதன்கிழமை சிரிச்சாங்களே, அந்தச் சிரிப்புதான் காதுல கேட்டுக்கிட்டு இருந்துச்சு.

அப்புறம்தான் ராமரைப் பார்த்தேன். தோள் ஏறி ஏறி இறங்குகிறது. மூக்கு விடைக்கிறது. உதடு ஒரு மாதிரி நிறம். கண் என் மேலேயே இருக்கிறது, ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

மாஸ்க்கை எடுத்துக் கன்னத்தில் வைத்தேன். காற்று இல்லை.

சுவரைப் பார்த்தேன். மீட்டரில் குண்டு அடியில் கிடந்தது. திருகினேன். அவசரத்தில் கொஞ்சம் அதிகமாகவே திறந்துவிட்டேன், குண்டு மேலே போய் முட்டியது. குறைத்தேன். மறுபடி கன்னம். சில்லென்று வந்தது. வைத்தேன். தலைப்பக்கத்தை உயர்த்தினேன். அதற்கப்புறம்தான் கூப்பிட்டேன். “டோரதி சிஸ்டர், ஆறாவது பெட், இப்பவே வாங்க.” என் குரல்தானா அது என்று இருந்தது. ஏலக் குரல் இல்லை.

86, 89, 93. டாக்டர் வந்து பார்த்தார், ரத்தம் எடுத்தார்கள், மருந்து மாற்றினார்கள். ராமர் தூங்கிப்போனார். வீரம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடிக்க விட்டேன். ஆனால் அந்தக் கைதான் கொஞ்ச நேரம் முன்பு கிளிப்பை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டிருந்தது.

ஜூலை 9, புதன்

ஆன்சியிடம் சொன்னேன். “நான் தொறந்தேன் கலை” என்றாள். “மாதா மேல சத்தியமா தொறந்தேன்.”

அவள் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். இங்கே வீடியோ இல்லை, காட்டுவதற்கு. நான் சின்னையாவை மட்டும் நினைவுபடுத்தினேன். அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “யார்கிட்டயும் சொல்லாத” என்றாள். சரி என்று சொல்லவில்லை, சொல்வேன் என்றும் சொல்லவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, இருவருக்கும்.

மாலை அவளே டோரதி சிஸ்டரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அழுது சிவந்த மூக்கோடு திரும்பி வந்து என் டிபன் டப்பாவிலிருந்த தயிர்சாதத்தை மொத்தமாகச் சாப்பிட்டாள்.

ஜூலை 11, வெள்ளி

ராமர் இன்று எழுந்து உட்கார்ந்தார். கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டேன்.

“ஐயா, அன்னைக்குக் காத்து வரலன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. ஏன் சொல்லல?”

“தெரிஞ்சுது. ஆனா அந்தப் பாப்பா வெச்சாச்சுன்னு சொன்னுச்சுல்ல? படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும், நமக்குத்தான் இழுக்கத் தெரியலன்னு இருந்துட்டேன்.”

அவருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. ஆனாலும் நாங்கள் சொன்னதை நம்பிக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்.

பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது அழுகை வந்துவிட்டது. பக்கத்திலிருந்த அம்மாள், “யாராச்சும் தவறிட்டாங்களா?” என்று கேட்டார். இல்லைங்க, நல்லா இருக்காரு என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஜூலை 18, வெள்ளி

தேர்வு முடிந்தது. சின்னையாவுக்கு மாரடைப்பு. நான் அதிகம் பேசவில்லை. என் பெயரை நோயாளியிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்று மார்க் குறைத்தார்கள். ஒருகாலத்தில் சொல்லுவதில் மட்டும்தான் முதல் மார்க்!

தேறிவிட்டேன். ஆன்சியை இன்னும் இரண்டு வாரம் பயிற்சியில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். “நல்லதுதான்டி” என்றாள். மனசாரச் சொன்னாளா, தெரியாது.

டெல்பின் அக்காவுக்குப் போன் செய்யவில்லை. மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது.

ஜூலை 31, வியாழன்

டெல்பின் அக்காவே கூப்பிட்டார். “வரலங்க அக்கா” என்றேன். தைரியம் வந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்று உண்மையைச் சொன்னேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காவிரிக்கரையில் அம்மா மண்டபத்துப் பக்கம் கால் வைக்க முடியாத கூட்டம், பஸ் நகரவில்லை. பாலத்தில் பாதி தூரம் நடந்து, அப்புறம் ஆட்டோ. ட்யூட்டிக்குத் தாமதம். இன்று என் பொறுப்பில் நான்கு படுக்கை. எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி ஆரம்பித்துவிட்டது. ஆசீர் சாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டு பேச்சே வரவில்லை. ட்யூட்டி முடிந்து கிளம்பிக்கொண்டிருந்த என்னைப் பிடித்துக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார வைத்தார். மைக்கைக் காட்டினார். “நீதான் சின்னையா” என்று கிசுகிசுத்தார். பெண் குரலில் சின்னையாவா என்றேன். கட்டைக் குரலில் பேசு, உனக்குத்தான் மார்க்கெட்டுத் தொண்டையாச்சே என்றார். அந்தக் கதை மருத்துவமனை முழுக்கப் போயிருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண். சட்டைப் பையில் பெயர் அட்டை, ரங்கநாயகி. தலைமுடியை அழுத்தி வாரிக் கட்டியிருக்கிறாள், நெற்றியில் வியர்வை. மூச்சுத் திணறல் என்று சொல்லி உள்ளே அனுப்பியிருக்கிறார்கள். தலைப்பக்கத்தை உயர்த்தினாள். மாஸ்க்கை வைத்தாள். வலது கை சுவரை நோக்கிப் போனது. காற்றில் ஒரு திருப்பு. இறங்கியது.

“ஆக்சிஜன் வெச்சாச்சுங்க ஐயா. இப்ப சரியாயிடும்.” என்ன தெளிவு, என்ன அன்பு அந்தக் குரலில்!

தொறக்கலடி, நீ தொறக்கலடி என்று கத்த வேண்டும் போலிருந்தது. கண்ணாடியை உடைத்துக்கொண்டு போய் நானே திருகிவிடலாம் போலிருந்தது. ஆசீர் சார் பக்கத்தில் மிளகுப்பாலை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்தேன்.

“சரிம்மா” என்றேன். “படிச்ச புள்ள, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

சொல்லிவிட்டு, சின்னையாவின் திரையில் ஆக்சிஜன் அளவைக் குறைக்கும் பொத்தானை அழுத்தினேன்.